மைக்கை அணைத்துவிட்டு வாசிக்கச் சொன்னவர்களுக்கு

தமிழ்த் தொலைக்காட்சிகளில் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்களுக்கு,

போன பொங்கலன்று உங்களில் ஒருவருடைய சேனலில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் ஒளிபரப்பானது. மூலையில் ‘நேரலை’ என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. மேடை ஓரத்தில் வெள்ளைச் சட்டையோடு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான். ஆனால் வீட்டில் இருந்தவர்கள் கேட்டது என் ஆர்மோனியத்தை இல்லை. அது ஒரு மாதத்துக்கு முன்பே ஏதோ ஒரு ஸ்டூடியோவில் கீபோர்டில் வாசித்துப் பதிந்து வைத்திருந்த சத்தம்.

சேனலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டை அவர்களுக்கும் எனக்கும் என்று ஆகிவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பீர்கள். நான் கேட்பது எல்லோரையும்தான். ஏனென்றால் அந்த நாடகம் முடிந்த மறுவாரம், அதற்குப் பொறுப்பாக இருந்தவர் எனக்கு போன் செய்து, “ரேட்டிங் வரலைங்க ஐயா. இசை நாடகத்துக்கு இப்ப ஆள் இல்லை. இனிமே இது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்” என்றார். மற்ற சேனல்களிலும் இதே பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டேன். அந்த முடிவைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். 26 வருடமாக ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது எங்கள் பக்கத்து இசை நாடகங்களுக்கு, ஆர்மோனியமும் பின்பாட்டும். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: எங்களுக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ், வாத்தியக்காரர்கள் என்று ஒவ்வொருவரையும் ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். நாடகத்தன்று இரவு கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்போம். பத்து, பத்தரைக்குத் தொடங்கினால் விடியும்போது மங்களம். அன்று உங்கள் தொகுப்பாளர் இதைத் ‘தெருக்கூத்து’ என்று அறிமுகப்படுத்தினார். தெருக்கூத்து வட மாவட்டங்களில் ஆடும் கலை, அடவும் வேறு பாட்டும் வேறு. எழுதிக்கொடுத்தவரைச் சொல்ல வேண்டும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியில் கூப்பிட்டார்கள். “ஒரிஜினலா ஒரு இசை நாடகம், லைவ், நீங்க உங்க செட்டோட வரணும்” என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்களுக்கு சீசன் இல்லாத நேரம், சம்பளமும் நியாயமாகப் பேசினார்கள். நான், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்ட் என்று நாங்கள் சொல்லும் பலவிதத் தாள வாத்தியங்களை வாசிப்பவர், 30 வருடமாக வள்ளி வேடம் கட்டும் ஒரு ஸ்திரீபார்ட் என நான்கு பேரும் இரவு பஸ் ஏறினோம். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

செட் பிரமாதம். தினைப்புனம் முழுக்கப் பிளாஸ்டிக் கதிர், தேக்குப் பலகையில் பரண். எங்கள் மேடையில் பரண் என்பது ஒரு பெஞ்சு, சில ஊர்களில் அதுவும் இராது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அக்கா வள்ளி இல்லை. வள்ளியாக நடிக்க ஒரு சீரியல் நடிகை, அவருக்குக் குரல் சினிமாவில் பாடும் இன்னொரு பெண். முருகனும் நாரதரும் அதே மாதிரி. பபூனுக்கு உங்கள் காமெடி நிகழ்ச்சியில் வரும் ஒருவர். அக்காவை வரவழைத்தது அந்த நடிகைக்கு மூன்று நாள் உடல்மொழி சொல்லிக்கொடுக்கத்தானாம்.

அந்த நடிகையை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டது. “அக்கா, ஆலோலம்னு கையை வீசும்போது கண்ணு எங்க இருக்கணும்? கிளி மேலயா, கதிர் மேலயா?” என்றது. அக்கா சிரித்துக்கொண்டே, “கடைசி வரிசையில தூங்கப் போறான் பாரு ஒருத்தன், அவன் மேல” என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. ஆனால் அந்த அரங்கில் கடைசி வரிசையும் இல்லை, முதல் வரிசையும் இல்லை. நான்கு காமிராவும் வயரும்தான்.

ஒளிபரப்புக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒலி பார்க்கும் தம்பி வந்தார். “சார், உங்க மைக் ஆஃப்லதான் இருக்கும். துருத்தியும் போட வேண்டாம், சத்தம் அவங்க மைக்ல ஏறிடும். சும்மா வாசிக்கிற மாதிரி விரலை மட்டும் வைங்க.” மரியாதையாகத்தான் சொன்னார். 26 வருடத்தில் துருத்தி போடாமல் நான் கட்டையில் விரல் வைத்ததில்லை. காற்று ஏறாத ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ‘டொக் டொக்’ என்று ஒரு மரச் சத்தம் வரும். அன்று 95 நிமிடம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மிருதங்கக்காரர் தோலில் கை படாமல் ஓரங்குலம் மேலே தட்டிக்கொண்டிருந்தார். தொழிலுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு கூச்சப்பட்டு நான் உட்கார்ந்ததில்லை.

எதிர்பார்த்தது நடந்தது. நாரதராக வந்தவர் பதற்றத்தில் இரண்டு வரி வசனத்தைத் தாண்டிவிட்டார். அடுத்த வரி எங்கே என்று தெரியாமல் அவர் நிற்கும்போதே பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. வள்ளி வாயைத் திறக்கும் முன்பே வள்ளியின் குரல் கேட்டது. திரைக்குப் பின்னால் நின்ற அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். எங்கள் மேடையாக இருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. நாரதர் தடுமாறுகிறார் என்றால் நான் சுருதியைப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஒரு ஓட்டம் விடுவேன். அவருக்கு மூச்சு வரும். இல்லையென்றால் பாட்டின் முதல் சொல்லை நானே எடுத்துக்கொடுப்பேன். பதிந்து வைத்த பாட்டு யாருக்காகவும் நிற்காது.

இதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் சேனலை மாற்றினார்கள். இதை வைத்துத்தான் இசை நாடகத்துக்கு ஆள் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். ஐயா, அம்மா, நீங்கள் காட்டியது எங்கள் நாடகம் இல்லை. அதற்குக் கிடைத்த மதிப்பெண்ணை எங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள்.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊரில், மூன்று வருடத்துக்கு முன்னால் பங்குனியில், நடந்ததைச் சொல்கிறேன். அன்று ராஜபார்ட் வந்த வண்டி வழியில் மோதி, அவருக்குக் கையில் அடி. தகவல் வரும்போது மணி பதினொன்று. பபூன் காமிக் ஓடிக்கொண்டிருந்தது. நாரதரும் வள்ளியும் எதிரெதிரே நின்று வாதாடும் தர்க்கம் முடிய எப்படியும் இரண்டு மணி ஆகும், அதற்குள் வேடன் உருவில் வரும் முருகனாக ஒருவர் வேண்டும். ஏஜெண்ட் போன் போட்டு, மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒன்றே முக்கால். அரிதாரம் பூசிக்கொண்டே என்னைப் பார்த்து, “எத்தனை கட்டை?” என்றார். “அஞ்சு” என்றேன். “ஆகட்டும்.” அவ்வளவுதான் ஒத்திகை. வள்ளி வேடத்தில் இருந்த அக்காவும் அவரும் அதற்கு முன் பார்த்துக்கொண்டதே இல்லை. இரண்டே காலுக்கு மேடை ஏறினார், வேடனும் வள்ளியும் போட்ட தர்க்கம் நாலரை வரைக்கும் போனது. அக்கா ஒரு கேள்வி போட, அவர் ஒரு விருத்தத்தில் பதில் சொல்ல, போர்வையோடு படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? எல்லோரும் படித்த பாடம் ஒன்று. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த பாட்டும் வசனமும் அவர் 1922-இல் மறைந்த பிறகும் எங்களுக்குள் பொதுவாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த ஊர் ராஜபார்ட்டும் எந்த ஊர் ஸ்திரீபார்ட்டோடும் நின்று பேச முடியும். ஒத்திகை இல்லாமல், தவறு வந்தால் அங்கேயே சமாளித்து, ஆள் வராவிட்டால் மாற்று ஆள் வைத்து, எட்டு மணி நேரம். நேரலைக்கு இதைவிடத் தயாராக இருப்பவர்களை எங்கே போய்த் தேடுவீர்கள்?

என் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பொங்கல் நாடகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் போனில் சில வீடியோக்களை அனுப்பினாள். “அப்பா, அமெரிக்காவுலயும் டிவிக்காரங்க இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் கத்துக்கிட்டாங்க” என்றாள். நான்கு இரவு உட்கார்ந்து பார்த்தேன், அவள் பக்கத்தில் இல்லாத குறைக்குப் போனிலேயே அர்த்தம் கேட்டுக்கொண்டேன்.

அங்கே என்.பி.சி. என்ற தொலைக்காட்சி, 2013 டிசம்பரில் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தை நேரலையாகப் போட்டது. கதாநாயகி கேரி அண்டர்வுட், ‘கன்ட்ரி’ என்ற அமெரிக்கப் பாணிப் பாடல்களில் பெரிய பெயர், மேடை நாடகப் பழக்கம் இல்லாதவர். 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நடிப்பு போதவில்லை என்று அவரைப் பிடித்துக் காய்ச்சினார்கள். ஆனாலும் அந்த அம்மாள் பாடினார். அந்த நிமிடத்தில், தன் தொண்டையால் பாடினார். அதுவே எனக்குப் பொறாமையாக இருந்தது. சுற்றிலும் ஆட்ரா மெக்டொனால்ட் மாதிரி மேடையில் பழுத்தவர்களை நிறுத்தியிருந்தார்கள், அவர்கள் வரும் காட்சியெல்லாம் நிமிர்ந்து நின்றது. இன்னொன்றும் கவனித்தேன். அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. அவ்வளவு நல்ல பாட்டு முடிந்ததும் ஒரு கைதட்டல் இல்லாமல் வெறிச்சென்று போகிறது. எங்கள் பொங்கல் செட்டில் இருந்த அதே வெறுமை.

மறு வருடம் ‘பீட்டர் பான்’ போட்டார்கள். சின்னத்திரையில் பெயர் வாங்கிய ஒரு நடிகைதான் நாயகன் வேடத்தில். பார்த்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆள் தேர்வு மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே ‘இசை நாடகத்துக்கு ஆள் இல்லை’ என்று கடையை மூடவில்லை. 2015-இல் ‘தி விஸ்’ நாடகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று குரல் தேர்வு வைத்து, அதுவரை யாரும் கேள்விப்படாத ஷனிஸ் வில்லியம்ஸ் என்ற இளம்பெண்ணைக் கதாநாயகியாக்கினார்கள். பெரிய பெயர்களெல்லாம் துணை வேடத்துக்குப் போயின. பார்வையாளர்கள் மறுபடி ஒரு கோடியைத் தாண்டினார்கள். 2016 ஜனவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ‘கிரீஸ்’ நாடகத்தைப் போட்டபோது ஜனங்களை செட்டுக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அன்று மழை வேறு. அதோடு சேர்த்துத்தான் காட்டினார்கள். 2018-இல் என்.பி.சி. ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ போட்டது. இயேசுவாக ஜான் லெஜண்ட் என்ற பிரபலப் பாடகர், ஆனால் கதையையே சுமக்கிற யூதாஸ் வேடம் பிராண்டன் விக்டர் டிக்ஸன் என்ற மேடைக்காரருக்கு. வாத்தியக்காரர்கள் மேடையிலேயே நின்று வாசித்தார்கள். மைக் போட்டுத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்த கதையும் உண்டு. 2019-இல் ஃபாக்ஸ் ‘ரெண்ட்’ நாடகத்தை நேரலை என்று அறிவித்திருந்தது. முந்தின நாள் ஒத்திகையில் நாயகனுக்குக் கால் முறிந்துவிட்டது. மாற்று நடிகர் இல்லை. மறுநாள் ‘நேரலை’யில் பெரும்பகுதி அந்த ஒத்திகைப் பதிவுதான் ஓடியது. கடைசிப் பகுதியை மட்டும் நேரில் நடித்தார்கள். அவ்வளவு பெரிய தேசத்தில், அவ்வளவு பணத்தில். மணப்பாறைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

அமெரிக்காவை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்டால், நம் ஊர்க் கணக்கையே சொல்கிறேன். 1934-இல் ‘பவளக்கொடி’யைச் சினிமாவாக எடுத்த கே. சுப்ரமணியம், மேடையில் அதே நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும்தான் காமிரா முன் நிறுத்தினார். பின்னணிப் பாட்டு வராத காலம், நடித்தவரே பாட வேண்டும். கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்தபின் ஒதுங்கியிருந்த கே.பி. சுந்தராம்பாளை ‘பக்த நந்தனார்’ படத்துக்குக் கொண்டுவர ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 1935-இல் ஒரு லட்சம். மேடைக் குரலுக்கு அன்று இருந்த மதிப்பு அது. இன்று மேடைக் குரலை வரவழைத்து, அதை மூடி வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறீர்கள்.

நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. எதைக் கேட்டாலும் வள்ளி திருமணம். சரி, எங்கள் ஊர்களிலும் அதற்குத்தான் கிராக்கி. ஆனால் விடிய விடிய நடக்கும் கதையை விளம்பரம் போக 95 நிமிடத்துக்குள் அடைத்தால் மிஞ்சுவது கதைச்சுருக்கம். ஜனங்களுக்குக் கதை தெரியும். வள்ளியை முருகன் கட்டிக்கொள்வானா மாட்டானா என்று பார்க்க யாரும் வருவதில்லை. நாரதர் என்ன கேட்கிறார், இந்த வள்ளி அவரை எப்படி மடக்குகிறாள் என்று பார்க்கத்தான் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பிரதியில் அந்தத் தர்க்கம் ஆறு நிமிடம். யானை வரும் காட்சி, கிராபிக்ஸோடு, பத்து நிமிடம்.

பபூனைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயமும் தெரியும். டான்ஸ் காமிக்கில் சில ஊர்களில் இரட்டை அர்த்தம் கரை தாண்டித்தான் போகிறது, மறைக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டால் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். உங்கள் காமெடி நிகழ்ச்சிகளைக் குழந்தைகளோடு பார்க்க முடிகிறதா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

இனி நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இசை நாடகம் வேண்டாம் என்ற முடிவை நிறுத்திவையுங்கள். அடுத்த முறை வள்ளி, நாரதர், ராஜபார்ட், பபூன் இந்த நான்கு வேடத்தையும் மேடைக்காரர்களுக்கே கொடுங்கள். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. போய்க் குரல் தேர்வு வையுங்கள், வரிசையில் நிற்போம், அதில் எங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. விளம்பரத்துக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டுமென்றால் வள்ளியின் அப்பா நம்பிராஜன் வேடம் இருக்கிறது. பாட்டு அதிகம் இல்லை, மீசை மட்டும் பெரிதாக இருந்தால் போதும். பாடத் தெரிந்த சினிமாக்காரர் நேரில் பாடுகிறேன் என்று வந்தால் முருகனாகவே வரட்டும், நான் சுருதி இறக்கி வாசிக்கிறேன்.

பாடுகிறவர் மைக்கும் வாசிக்கிறவர் மைக்கும் திறந்திருக்க வேண்டும். அது முடியாதென்றால் மூலையிலிருந்து ‘நேரலை’யை எடுத்துவிடுங்கள்.

செட் போட வேண்டாம். பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் ஏதாவது ஒரு கோயில் திருவிழாவுக்கு உங்கள் ஒளிபரப்பு வண்டியை அனுப்புங்கள். மேடை, விளக்கு, ஜனம் எல்லாம் அங்கே இருக்கிறது. சிவராத்திரிக்கு விடிய விடிய நேரலை காட்டுகிறீர்கள், அந்த ஒரு இரவை முழு நாடகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம்தான் உண்டென்றால், முழுக்கதையைச் சுருக்காமல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்குமான நாரதர் தர்க்கத்தை அப்படியே காட்டுங்கள். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா மயானகாண்டம் என்று வேறு நாடகங்களும் கேளுங்கள். எது எந்த ஸ்திரீபார்ட்டுக்குப் பொருந்தும் என்று எங்களைக் கேட்டால் சொல்வோம்.

அரசுத் தொலைக்காட்சியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 1975-இல் சென்னையில் தொடங்கிய நிலையம் அது, இன்று டிடி தமிழ். ரேட்டிங் பார்த்துப் பிழைக்க வேண்டிய கட்டாயம் மற்றவர்கள் அளவுக்கு உங்களுக்கு இல்லை. முதலில் நீங்கள் வண்டியை அனுப்பலாம்.

அப்புறம், எழுத்து ஓடும்போது எங்களை ‘கிராமியக் கலைஞர்கள் உதவி’ என்று மொத்தமாகப் போடாதீர்கள். ஊர்ச் சுவரில் ஒட்டும் நோட்டீஸில் எங்கள் படமும் பெயரும் வேடமும் ஊரும் இருக்கும். அந்த நோட்டீஸில் இருக்கிறபடியே போடுங்கள். பொங்கலன்று அக்காவின் பெயர் எங்குமே வரவில்லை. அவருடைய பேத்தி கடைசி எழுத்து ஓடி முடியும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாளாம்.

மாசி பிறந்துவிட்டது, எங்களுக்கு நோட்டீஸ் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பதில் சொல்ல விரும்புகிறவர்கள் பகலில் கூப்பிட வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்போம். மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆர்மோனியக்காரன்,
புதுக்கோட்டை மாவட்டம்